உப்பளக் கரையில் பாட்டுச் சொல்லிக்கொடுப்போர்க்கு

மரக்காணம் உப்பளங்களை அடுத்த கிராமங்களில் சிறுவர் சிறுமியர்க்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும், கோயில் ஓதுவார்களுக்கும், பஜனைக் கூடத்துப் பெரியவர்களுக்கும், தேவாலயப் பாடற்குழுவை நடத்துவோர்க்கும், கூத்து வாத்தியார்களுக்கும் அன்பான வணக்கம்.

நீங்கள் ஒரு வரியைப் பாடுகிறீர்கள். பிள்ளைகள் அதைக் கேட்டுத் திருப்பிப் பாடுகிறார்கள். தவறினால் மறுபடியும் பாடிக் காட்டுகிறீர்கள். இம்முறை மிகத் தொன்மையானது, உயிருள்ளது, இதைக் கைவிடும்படி சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் இதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று விண்ணப்பம் செய்துகொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். தாம் பாடுவதைச் சுரமாக எழுதவும், பிறர் எழுதிய சுரத்தை, ஆசிரியர் அருகில் இல்லாத பொழுதும், பார்த்துப் பாடவும் நம் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்பதே அவ்விண்ணப்பம். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் நாம் வருந்துகிறோம். நூறு பாட்டைக் காதாலேயே கற்றுத் தேறிய பிள்ளை ஒரு வரிச் சுரத்தை வாசிக்க மாட்டாமல் நிற்பதை மட்டும் இயல்பென்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். இதை மாற்றுவதற்குரிய உபாயங்கள் பல தேசங்களிலும் பல நூற்றாண்டுகளாகச் சோதித்துத் தேறியவை. அவற்றுட் சிறந்தவை, ஓய்வும் பொருளும் இல்லாத எளியவர்களை உத்தேசித்தே பிறந்தவை.

இந்தக் கோரிக்கையை உங்களிடம் வைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, கையில் சீறியாழ் ஏந்திய ஒரு பாணனை ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்தும் நூல். அதில் வரும் எயிற்பட்டினம் உங்கள் மரக்காணத்துக் கடற்கரையே என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. அதைப் பாடிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடோ உங்களுக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உப்பு வண்டிகளோடு வந்த மந்தியொன்று, உமணப் பெண்களின் குழந்தைகளோடு சேர்ந்து, கிளிஞ்சிலுக்குள் முத்தை இட்டுக் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடியதை அப்புலவர் கண்டு எழுதியிருக்கிறார். உப்பு விற்கும் குடியும், பாட்டையே பிழைப்பாகக் கொண்ட குடியும் ஒரே வழியில் நடந்த நாடு இது. அந்தப் பாணனுடைய யாழின் அமைப்பை அறிவதற்குப் பழம்பாட்டுகளில் வருணனை இருக்கிறது. அவன் நடந்த வழி தெரிகிறது. அவன் உண்ட சோறும் தெரிகிறது. அவன் தன் பண்ணை எவ்வாறு வாசித்தான் என்பதை மட்டும் இனி எக்காலத்திலும் எவராலும் அறிய முடியாது.

இந்த நஷ்டம் ஒரு முறை நிகழ்ந்து நின்றுவிட்டதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், ஐந்தாம் வயதிலே தொடங்கிப் பன்னிரண்டாம் வயது வரை மாதவிக்கு அளித்த பயிற்சியும், இசையாசிரியன், யாழாசிரியன், குழலாசிரியன் ஆகியோருடைய இலக்கணமும் எவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன! குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழின் பெயரும் நமக்கு எஞ்சியுள்ளன. தேவாரத்தின் கதையோ இன்னும் நெஞ்சைத் தொடுவது. ஏடுகளில் பாட்டின் சொல் இருந்தது. தலைப்பில் பண்ணின் பெயர் இருந்தது. பண்ணின் உருவம் ஏட்டில் இல்லை. நம்பியாண்டார் நம்பியின் காலத்தில் பண்முறை தெரியாமற் போய், பழைய தென்னார்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்த திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் பிறந்த ஒரு பெண்மணியைக் கொண்டே அதை மீட்டார்கள் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. ஒரு சமூகத்தின் இசைச் செல்வம் முழுவதும் ஒரு பெண்ணின் நினைவில் மட்டும் தங்கி நின்றதென்றால், அவளைத் தேடிக் கண்டுபிடிக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்து, நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கும்படி முதலாம் இராசராசன் கல்லில் வெட்டுவித்தான். நெல்லின் அளவைக் கல் சொல்கிறது. அவர்கள் பாடியதைச் சொல்லவில்லை. இன்று ஓதுவார்கள் பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணமாகவும் புறநீர்மையைப் பூபாளமாகவும் பாடுகிறார்கள். பரம்பரையாகக் காதுவழி வந்த அந்தப் பாட்டை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாடியதும் இதுதானா என்று கேட்டால், ஆம் என்று உறுதி கூறுவதற்கு ஒரு சான்றும் இல்லை.

நம் முன்னோர் எழுதவே இல்லை என்று சொல்வதும் தவறு. புதுக்கோட்டைச் சீமையிலுள்ள குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலை அடுத்த பாறையில், ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்ததென்று மதிக்கப்படும் கிரந்த எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதில் தானமும் இல்லை, போரும் இல்லை, முழுவதும் சுரங்கள். ஏழு பகுதிகளாக, நந்நான்கு சுரங்கள் கொண்ட கோவைகளாக அவை வரிசை வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. ஒரே சுரத்தை ர, ரி, ரு, ரெ என்று உயிரெழுத்தை மாற்றி மாற்றி எழுதியிருப்பதன் உட்பொருளைப் பற்றி அறிஞர்கள் வெவ்வேறாகக் கூறுவர். அந்த விவாதத்தில் புகுவது என் நோக்கமன்று. அதன் முடிவில் காணப்படும் செய்தியே என் உள்ளத்தைக் கவர்ந்தது. உருத்திராசாரியருடைய சிஷ்யனும் மகேசுவர பக்தனுமாகிய ஓர் அரசன், மாணாக்கர்களின் நன்மையை முன்னிட்டு இவற்றைச் செய்தான் என்று அங்கே பொறித்திருக்கிறது. மாணாக்கர்களின் நன்மை! தன் புகழைப் பாட வேண்டிய பாறையில் ஓர் அரசன் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதி வைத்தான். பள்ளிக்கூடத்துக் கரும்பலகைகளுக்கெல்லாம் மூத்தது அந்தப் பாறை என்று சொல்வதில் பிழையில்லை. ஏனோ, அதைப் பின்பற்றி ஊர்தோறும் பாறைகள் எழவில்லை.

இனி மேல்நாட்டுப் பக்கம் சற்றுத் திரும்புவோம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறக்குறைய நம் இராசராசனும் இராசேந்திரனும் ஆண்ட அதே காலத்தில், இத்தாலி தேசத்துத் துறவியாகிய குயிதோ என்பவர், மடத்துப் பிள்ளைகள் வழிபாட்டுப் பாடல்களைப் பாடம் பண்ணுவதிலேயே பத்து ஆண்டுகளைச் செலவழித்தும், ஆசிரியர் பாடிக் காட்டாத ஒரு சிறு பாட்டையும் தாமாகப் பாட மாட்டாமல் திகைப்பதைக் கண்டு மனம் நொந்தார். அரெத்சோ நகரத்தில் ஆயரின் ஆதரவோடு அவர் வகுத்த முறையில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, கோடுகளை இழுத்து, அவற்றில் சிலவற்றுக்குச் சிவப்பும் மஞ்சளுமாக வர்ணம் தீட்டி, எந்தச் சுரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கண்ணுக்குப் புலப்படுத்தியது. மற்றொன்று இதைவிட நுட்பமானது. புனித யோவான் பேரில் அமைந்த ஒரு லத்தீன் துதிப்பாடலில் அடுத்தடுத்து வரும் ஆறு சொற்றொடர்கள், ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு சுரம் உயர்ந்து தொடங்கும். அந்தத் தொடர்களின் முதலசைகளாகிய உத், ரே, மி, பா, சோல், லா என்பவற்றையே சுரங்களின் பெயராக்கி, புதிய பாட்டில் ஒரு சுரம் வரும்போதெல்லாம், மனப்பாடமான அந்தத் துதிப்பாடலின் அதே இடத்தை நினைத்துக்கொள்ளும்படி பிள்ளைகளைப் பழக்கினார். தெரிந்த பாட்டைத் துணையாகக் கொண்டு தெரியாத பாட்டை அடைவதே இதன் தத்துவம். பத்தாண்டுக் கல்வியை ஓராண்டில், மிஞ்சினால் இரண்டு ஆண்டில், முடிக்கலாம் என்று அவர் தம் நண்பருக்குக் கடிதம் எழுதினார். ரோமாபுரியிலிருந்து பத்தொன்பதாம் யோவான் என்னும் போப்பாண்டவர் அவரை வரவழைத்து, அவர் எழுதிய பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி, தாம் அதற்குமுன் கேட்டறியாத ஒரு வாசகத்தை அந்த இடத்திலேயே பார்த்துப் பாடிய பிறகே ஆசனத்தை விட்டு எழுந்தாராம். கைவிரல்களின் கணுக்களில் சுரங்களை அமைத்து ஆசிரியர் தொட்டுக் காட்ட மாணவர் பாடும் ஒரு முறையும் குயிதோவின் பெயரால் ஐரோப்பாவில் வழங்கியது; அதை அவரே செய்தார் என்பதற்கு அவருடைய நூல்களில் ஆதாரம் இல்லை. ஆனால் சுண்டுவிரலில் தொடங்கி விரலெண்ணித் தாளம் போடும் நமக்கு, உள்ளங்கையே ஏடாகும் அந்த முறை புதுமையாகத் தோன்றாது.

எண்ணூறு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் நார்விச் நகரத்தில், சேரா ஆன் குளோவர் என்ற ஒரு பாதிரியாரின் மகள் (1786-1867), ஏழைப் பிள்ளைகள் வந்து கற்கும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாட்டுக் கற்பிக்கும்போது, ஐந்து கோடும் புள்ளியும் அப்பிள்ளைகளை மருட்டுவதைக் கண்டு, கோடுகளை முற்றிலும் நீக்கிவிட்டு, சுரப் பெயர்களின் முதலெழுத்துகளை மட்டும் ஏணிபோல் ஒரு படத்தில் எழுதித் தொங்கவிட்டு, கோலால் சுட்டிச் சுட்டிப் பாடவைத்தார். தம் முறையை 1835-இல் புத்தகமாகவும் வெளியிட்டார். ஜான் கர்வென் என்ற இளம்பாதிரியாரிடம், 1841-இல் ஹல் நகரத்தில் கூடிய ஞாயிற்றுப்பள்ளி ஆசிரியர்கள், யாவருக்கும் பாட்டுக் கற்பிக்க எது எளிய வழி என்று கண்டு சொல்லும்படி ஒரு பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் சங்கீத வித்வான் அல்லர். குறிப்பைப் பார்த்துப் பாட வராமல் தாமே இடர்ப்பட்டவர். அதனாலேயே குளோவர் அம்மையாரின் புத்தகம் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை உணர்ந்தார். அதைச் செப்பஞ்செய்து, பிற்காலத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கை அடையாளமும் அமைத்து, நெசவாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கூடிப் பாடும்படி செய்தார். மிஷன் பள்ளிகளின் வழியாக அந்த எழுத்து மடகாஸ்கருக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சென்றது. ஈனோக் சொன்டோங்கா என்ற மிஷன் பள்ளி ஆசிரியர் 1897-இல் தம் மாணவர்களுக்காக ஒரு பாட்டைக் கட்டி இந்த எழுத்திலேயே எழுதி வைத்தார்; அது பின்னாளில் ஒரு கண்டத்தின் விடுதலைக் கீதமாகி, இன்று தென்னாப்பிரிக்காவின் தேசிய கீதத்தில் ஒரு பகுதியாக விளங்குகிறது.

குளோவரும் கர்வெனும் கண்ட முறையின் உயிர்நிலை எது? பாடுவோன் எந்த உயரத்தில் தொடங்கினாலும் தொடங்கும் இடமே முதற்சுரம் என்பது. அன்பர்களே, அது நம்முடைய ஆதார ஷட்ஜம் அல்லவா? அவரவர் சாரீரத்துக்கு ஏற்ற சுருதியில் ஸ என்று நிற்பதும், அங்கிருந்து ஏழு எழுத்துகளால் எல்லாவற்றையும் சொல்வதும் நமக்குப் பிறப்புரிமையாய் வந்தவை. மேல் ஸ்தாயிக்கு எழுத்தின்மேல் ஒரு புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே ஒரு புள்ளி, நெடிலுக்கு இரண்டு மாத்திரை, நீட்டுவதற்கு ஒரு காற்புள்ளி, தாள அங்கம் முடிந்தால் ஒரு நெடுங்கோடு: தமிழ் படிக்கத் தெரிந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு இதற்குமேல் கற்க வேண்டிய குறியீடு அதிகம் இல்லை. மேல்நாட்டார் பெருமுயற்சியால் வந்தடைந்த இடத்தில் நாம் முதலிலிருந்தே நிற்கிறோம். நின்றும் அதைச் சபைக்கும் வித்வான்களுக்கும் உரியதாக ஒதுக்கிவிட்டோம் என்பதுதான் என் தாபம்.

ஒதுக்காதவர்களும் நம்மிடையே இருந்தார்கள். சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவப் பெரியார், தியாகராஜர் முதலியோரின் கீர்த்தனங்கள் அழிந்துபோகாதிருக்க வேண்டுமென்ற ஒரே ஆவேசத்தால் அவற்றை ஐரோப்பியக் குறிப்பில் எழுதி 1893-இல் வெளியிடலானார். அவர் தூண்டுதலும் சேர்ந்தே எட்டயபுரம் சமஸ்தானத்துச் சுப்பராம தீட்சிதரை, தம் குடும்பச் சொத்தாகிய கீர்த்தனங்களை உலகறியத் திறந்து வைக்கும்படி செய்தது. 1904-இல் வெளிவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அதன் பயன். தெலுங்கு எழுத்தில் அச்சான அந்த மகாநூலை, சென்னை மியூசிக் அகாடமி பிற்காலத்தில் தமிழெழுத்திலும் கொண்டுவந்தது. தஞ்சையில் வைத்தியராக வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1917-இல் வெளிவந்த அவருடைய கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலைப் பற்றியே எல்லோரும் பேசுவர். எனக்கோ, அதற்கு முன்பே 1907-இல், கற்கத் தொடங்குவோரை உத்தேசித்து அவர் வெளியிட்ட திரட்டின்மேல் அதிகப் பிரியம். அவர் முதலில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதை அது நினைவூட்டுகிறது. பின்னர்ச் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழிசைப் பாடல்களைச் சுரக் குறிப்போடு தொகுதி தொகுதியாக வெளியிட்டதும் இதே வழியில் செய்த தொண்டு.

எழுத்தில் கமகம் வராதே என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. தோடியின் காந்தாரத்தைக் க என்று எழுதுகிறோம். அந்த எழுத்து அசையாமல் நிற்கிறது. பாடும்போதோ அந்தச் சுரம் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. சுப்பராம தீட்சிதர் இந்தக் குறையை உணர்ந்தே ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறியை வகுத்தார். அவற்றை வாசித்து அறியவும் கேள்விஞானம் வேண்டியிருக்கிறது. ஆதலால் குருவின் குரலுக்கு மாற்றாக எழுத்தை நான் சொல்லவில்லை. காது முன்னே, கண் பின்னே என்ற முறையை மீறக் கூடாது. ஒலியைப் பாடி நன்றாகப் பழகிய பிறகே அதன் குறியைக் காட்ட வேண்டும். குறியை முதலில் காட்டி ஒலியைப் பிறகு தேடச் செய்த இடங்களிலெல்லாம் பிள்ளைகள் பாட்டை வெறுத்தார்கள்.

புரந்தரதாசர் வகுத்தருளியதாகச் சம்பிரதாயம் போற்றும் சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம், கீதம் என்னும் பாடத்திட்டம், மாயாமாளவகௌளையில் மூன்று காலங்களிலும் பயின்று படிப்படியாக ஏறுவது. உங்கள் உப்பளத்தில் கடல்நீர் பாத்திக்குப் பாத்தி மாறி, ஒவ்வொன்றிலும் சற்றே இறுகி, கடைசிப் பாத்தியில் மணியாவது போன்ற பொறுமை அதில் இருக்கிறது. இருந்தாலும் ஒரு விஷயத்தில் நான் வழக்கத்திலிருந்து மாறுபடுகிறேன். மாலையில் சற்று நேரமே கிடைக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு முதற்பாடம் சரளியாக இருக்க வேண்டாம். அவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த தாலாட்டாகவோ, கும்மியாகவோ, கூத்தில் கேட்ட ஒரு விருத்தமாகவோ, தேவாலயத்தில் பாடும் கீர்த்தனையாகவோ இருக்கட்டும். அதன் முதல் அடி எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பதைப் பிள்ளைகளே தேடட்டும். சொல்லை எடுத்துவிட்டுச் சுரத்தால் பாடட்டும், பிறகு எழுதட்டும். பெரும்பாலான தாலாட்டுகள் நான்கைந்து சுரங்களுக்குள் அடங்குபவை. அந்த நான்கைந்தும் வசப்பட்டபின் சரளி வரிசையைச் சொல்லிக்கொடுத்தால், இது எதற்காக என்று எந்தப் பிள்ளையும் கேட்காது. கூத்து வாத்தியார்களுக்கு நான் சொல்லவேண்டியது அதிகம் இல்லை. தாளத்தைச் சொற்கட்டாக வாயால் சொல்லிப் பழக்கும் நீங்கள் பாதி வழியை ஏற்கெனவே கடந்துவிட்டீர்கள்.

மிகக் கடினமான பாகம் ஆசிரியருடையது. வாரத்துக்கு ஒரு தரமாவது, பிள்ளைகள் கேட்டறியாத ஒரு வரிச் சுரத்தைப் பலகையில் எழுதிவிட்டு, நீங்கள் பாடாமல் இருக்க வேண்டும். பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், உதடு துடிக்கும், ஆயினும் வாய் திறவாதிருங்கள். கையால் ஏற்ற இறக்கத்தைக் காட்டலாம், ஆதார ஷட்ஜத்தை ஒலிக்கச் செய்யலாம், வேறெதுவும் வேண்டாம். தடுமாறித் தடுமாறி ஒரு பிள்ளை அந்த வரியைத் தானே பாடி முடிக்கும்போது, அதற்குக் கிடைப்பது ஒரு பாட்டு அன்று. எழுதப்பட்ட பாட்டுகள் அனைத்தின் வாயிலும் அதற்குத் திறந்துவிடுகிறது. வித்வான் வீட்டுத் திண்ணையில் இடம் கிடைக்கவில்லை என்பதற்காக அந்தப் பிள்ளை இனி வித்தையை இழக்க வேண்டியதில்லை.

காலத்தையும் குறித்துச் சொல்லிவிடுகிறேன். வெயில் மாதங்களில் பொழுது விடியுமுன் பாத்திக்குப் போகும் பெற்றோரின் வீட்டில் பிள்ளைகளுக்கும் வேலை இருக்கும். உங்களுக்கும் ஓய்வு குறைவு. வடகிழக்குப் பருவமழை இறங்கிப் பாத்திகள் மூழ்கி உற்பத்தி நின்றுவிட்ட மாதங்களே இதைத் தொடங்கத் தக்கவை. கூலி நின்ற வீட்டில் அந்த மாதங்கள் எவ்வளவு கஷ்டமானவை என்பதை அறியாதவனாக இதைச் சொல்லவில்லை. பெரியவர்கள் வீட்டில் இருக்கும் காலமும் அதுதான், பாட்டிகளுக்குப் பாட நேரம் கிடைக்கும் காலமும் அதுதான். ஒரு கரும்பலகையும், பிள்ளைக்கு ஒரு நோட்டும் போதும்.

அந்த நோட்டில் முதலில் எழுதவேண்டியவை பிறர் புத்தகத்திலுள்ள பாட்டுகள் அல்ல. உங்கள் ஊர்க் கிழவிகள் பாடும் பாட்டுகள். பாட்டின் பெயர், பாடியவர் ஊர், ஸ எங்கே நிற்கிறது, தாளம் எது என்று குறித்து, சொல்லுக்கு மேலே சுரத்தை எழுதச் செய்யுங்கள். எழுதி முடித்ததும் அந்த நோட்டை அனுமந்தைக்கோ கூனிமேட்டுக்கோ, அந்தப் பாட்டைக் கேட்டறியாத வேறு பிள்ளைகளிடம் அனுப்பி, அவர்கள் பார்த்துப் பாடுகிறார்களா என்று சோதியுங்கள். எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்று கேட்டு வாங்கி, அந்த இடத்தைப் பாடிய பாட்டியிடமே மறுபடி போய்க் கேட்டுத் திருத்தி எழுதுங்கள். திருத்திய நோட்டின் பிரதி ஒன்றைப் பள்ளிப் பீரோவிலும் ஒன்றைக் கோயிலிலோ தேவாலயத்திலோ வையுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் தொண்டில் அன்புடைய
ஓர் இசை மாணாக்கன்